லயத்து அடுப்பும் அண்டை வீட்டுச் சுவையும்



வரலாறு என்றதும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருபவை மன்னர்களும் போர்களும் ஆண்டுகளுமே. இன்று நாம் வரலாற்றை வேறோர் இடத்தில் தேடுவோம். அந்த இடம் நம் வீட்டு அடுப்படி.

காலைப் பசியாறலுக்கு மீகூன் பிரட்டல், மத்தியானச் சோற்றுக்குப் பக்கத்தில் பிளாச்சான் சம்பல், நெய்ச்சோற்றில் பாண்டான் இலையின் மணம், வடை சுடும் அதே சட்டியில் பொரித்த தவ்வு ஆகியவை தோட்டத்துத் தமிழர் வீடுகளில் வெகுநாளாகப் பழகிப்போனவை. ஆனால் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சேலத்திலும் வட ஆர்க்காட்டிலும் இருந்து கப்பலேறிய நம் பாட்டன் பாட்டிமாருக்கு இவற்றின் பெயர்கூடத் தெரியாது. அப்படியானால் இவை நம் வீட்டுக்குள் எப்படி வந்தன? யார் கொண்டு வந்தார்கள்?

விருந்துகளின் மூலம் வந்தவை சில. பசியினால் வந்தவை பல. அவற்றைக் கையில் ஏந்திக் கொண்டு வந்தவர்களில் பெரும்பாலோர் நம் வீட்டுப் பிள்ளைகளே. இதைத்தான் இன்று நாம் சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் நம் முன்னோர் வந்த கதையை நினைவுபடுத்திக் கொள்வோம். 1877-ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர் ரப்பரை முதன்முதலாக வாணிகப் பயிராக நட்டார். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாக மாறின. அவற்றில் வேலை செய்யக் கங்காணிமார் மூலம் நம்மவர் ஆயிரக்கணக்கில் கொண்டு வரப்பட்டனர்.

அவர்களுக்குத் தோட்டத்தில் பங்கிட்டுக் கொடுத்த அரிசி பெரும்பாலும் கடல் கடந்து வந்த அரிசி. நம்மவர் விரும்பி உண்டது புழுங்கலரிசி. இந்தப் புழுங்கலரிசி மருத்துவ வரலாற்றிலேயே இடம் பெற்றிருக்கிறது என்பது உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கலாம். அக்காலத்தில் பெரிபெரி என்னும் நோய் மலாயாவில் பலரைப் பலி கொண்டது. கால்கள் மரத்துப்போய், உடல் வீங்கி, இதயம் பழுதுபட்டு மக்கள் இறந்தனர். நன்றாகத் தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளரிடையே இந்நோய் மிகுதி. தமிழ்த் தொழிலாளரிடையே அரிது. 1905-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குத் தீட்டிய சயாம் அரிசிச் சோறும், மறு பிரிவுக்கு இந்தியப் புழுங்கலரிசிச் சோறும் கொடுத்து வந்தார். முதல் பிரிவில் பலர் நோயில் விழுந்தனர், சிலர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர்களைப் புதிதாக அந்நோய் பற்றவில்லை.

இதற்குக் காரணம் என்ன? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற சத்து அரிசிக்குள் இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுதும் போய்விடுவதில்லை. நம் பாட்டிமார் தயமின் என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஆனாலும் அவர்களின் பானையிலிருந்து உலகம் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. நாம் பிறரிடமிருந்து பெற்றதைப் பேசுமுன், நம்மிடமிருந்தும் பிறர் பெற்றது உண்டு என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

நம்முடையது என்று நாம் உறுதியாக எண்ணும் சில பொருள்களும் தொலைவிலிருந்து வந்தவைதாம். மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாய் இல்லாத குழம்பை நம்மால் எண்ணிப் பார்க்க முடியுமா? ஆனால் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் மிளகாய் கிடையாது. காரத்துக்கு மிளகுதான். அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த மிளகாயைப் போர்த்துக்கீசியர் கிழக்கே கொண்டு வந்தனர். மிளகைப் போல் காரம் தந்ததால் அது மிளகாய் எனப் பெயர் பெற்றது. மரவள்ளிக் கிழங்கும் தென் அமெரிக்காவைச் சேர்ந்ததே. நாம் பால் வெட்டிய ரப்பர் மரத்தின் தாயகமும் தென் அமெரிக்காவின் பிரேசில்தான். நமக்கு வேலை தந்த மரமும், நம் குழம்புக்குக் காரம் தந்த காயும், பஞ்சத்தில் உயிர் காத்த கிழங்கும் ஒரே திசையிலிருந்து வந்தவை.

இனி லயத்து வீட்டுக்குள் நுழைவோம். பொழுது விடியுமுன்பே பெரட்டு மணி அடித்துவிடும். தாயும் தந்தையும் உளியும் வாளியுமாகப் பால்காட்டுக்குப் போய்விடுவர். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போகும். வீட்டில் மிஞ்சும் பிள்ளைகளில் மூத்தவள் பத்து வயதுப் பெண்ணாக இருந்தாலும் அவளே அந்த வீட்டின் சமையற்காரி. விறகு பொறுக்குவதும், தண்ணீர் சுமப்பதும், உலை வைப்பதும், தம்பி தங்கைகளுக்குச் சோறு போடுவதும் அவள் வேலை. தோட்டப் பிள்ளைகளுக்குச் சமையல் விளையாட்டாக இருந்ததில்லை. பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாமல் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பள்ளி இருந்தும் அடுப்பைவிட்டு அகல முடியாமல் படிப்பை இழந்த பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். நம் தோட்டத்துச் சமையலைப் புகழும்போது அந்தச் சிறுமிகளை நாம் மறக்கக்கூடாது.

இந்தப் பிள்ளைகள் கடைக்குப் போவார்கள். கடைக்காரர் சீனர். சம்பளத்துக்குச் சம்பளம் கணக்குத் தீர்க்கும் கடன் புத்தகம் அங்கே இருக்கும். உப்பும் புளியும் வாங்கப் போன பிள்ளை, அங்கே மீகூனையும் கீச்சாப் போத்தலையும் தவ்வையும் பார்த்தது. ஆற்றங்கரைக்கோ கம்பத்துப் பக்கமோ விளையாடப் போன பிள்ளை, மலாய்க்காரர் வீட்டில் கங்கோங் கீரையைப் பிளாச்சானோடு வதக்கும் மணத்தை மோந்தது. பிளாச்சான் என்பது சிறு கூனிறாலை உப்பிட்டு, நொதிக்கவைத்து, இடித்துக் காயவைத்த கட்டி. முதலில் அம்மாமார் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்துப் பழகிய கைக்குப் பிளாச்சான் நெடுநாள் அந்நியமாக இருக்க முடியுமா? அம்மியில் மிளகாயோடு வைத்து அரைத்தார்கள், புளிக்குப் பதில் எலுமிச்சை பிழிந்தார்கள், சம்பல் ஆயிற்று.

மீகூன் வந்த விதமும் இப்படியே. நம்மிடம் இடியாப்பம் இருந்தது. சீனரிடம் அதே அரிசி மாவில் செய்த உலர்ந்த இழை இருந்தது. இடியாப்பம் பிழிய நேரம் வேண்டும், மீகூனை ஊறவைத்தால் போதும். விடியற்காலையில் வேலைக்கு ஓடும் வீட்டுக்கு அது பெரும் உதவி. கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, வெங்காயமும் முளைவிட்ட பயறும் போட்டுப் பிரட்டியபோது அந்தச் சீன இழை தமிழ்ப் பலகாரமாகிவிட்டது. பிற்காலத்தில் கோயில் விசேடங்களிலும் மரக்கறி மீகூன் இடம் பெற்றது. அதே வேளையில் நம் இடியாப்பம் 'புத்து மாயாம்' என்ற பெயரில் மலாய்க்காரரின் காலைத் தட்டுக்குப் போயிற்று. அப்பம் 'அப்பம்' என்றே மலாய் மொழியில் நிலைத்தது. கறி, கடை என்ற நம் சொற்களும் 'காரி', 'கெடாய்' என்று மலாயில் கலந்தன.

நேயர்களே, இனிச் சொல்லப்போவது துன்பக் காலத்துக் கதை. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையே விளைவித்து வந்தது. எஞ்சியது பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வரவேண்டும். கப்பல் நின்றதும் அரிசியும் நின்றது. தோட்டங்களில் ரப்பருக்கு விலையில்லை, வேலையில்லை. நம்மவரில் பல்லாயிரவர் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டனர். திரும்பி வராதவர் ஏராளம். லயங்களில் எஞ்சியவர்கள் தாய்மாரும் முதியோரும் பிள்ளைகளும்.

அந்த நாட்களில் உயிர் காத்தது மரவள்ளி. ஆனால் அதைக் கண்டபடி தின்ன முடியாது. சில வகைகளில் நச்சுத்தன்மை மிகுதி. தோலைச் சீவி, ஊறவைத்து, வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். மரவள்ளியின் இளந்தளிரை வேகவைத்துத் தேங்காய்ப் பாலில் சமைப்பது மலாய்க்காரரின் பழைய வழக்கம். காட்டோரத்தில் எந்தப் பெரணித் தளிரை உண்ணலாம், எந்தக் கீரையைத் தொடக்கூடாது என்பதும் அவர்கள் அறிந்தது. அந்த அறிவு கம்பத்திலிருந்து லயத்துக்கு வந்தது. நம் தாய்மார் கிழங்கைச் சீவி, காயவைத்து, இடித்து மாவாக்கிப் புட்டு அவித்தார்கள், ரொட்டி தட்டினார்கள். புட்டு நம்முடையது, கிழங்கு தென் அமெரிக்காவினது, தளிர்க் கறி மலாய்க்காரருடையது. மூன்றும் ஒரே தட்டில் கூடியதால் பிழைத்த பிள்ளைகள் நம் பாட்டன்மாராகவும் பாட்டிமாராகவும் வாழ்ந்தார்கள். வயிறு நிறைந்தாலும் கிழங்கில் சத்துப் போதாது. உடல் வீங்கியும் புண் பட்டும் இறந்த பிள்ளைகளும் உண்டு. மரவள்ளியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

போர் முடிந்து மூச்சு விடுமுன் 1948-இல் அவசரகாலம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக அரிசிக்குக் கடும் பங்கீடு விதித்தார்கள். பல இடங்களில் வேலைக்காட்டுக்குச் சோறு எடுத்துச் செல்லவும் தடை. கடையில் வாங்கும் டின் உணவைக் கடைக்காரர் அங்கேயே துளையிட்டுக் கொடுக்க வேண்டும், சேமித்து வைக்க முடியாதபடி. சில வட்டாரங்களில் அரிசியாகவே கொடுக்காமல், பொது அடுப்பில் சமைத்த சோறாகக் கொடுத்தார்கள். சோறு விரைவில் கெட்டுப்போகும் அல்லவா? வீட்டு உலையையே வேலிக்கு அப்பால் இருந்த ஒருவர் கட்டுப்படுத்திய காலம் அது. ஒரு டின் மத்தி மீனை வெங்காயமும் மிளகாயும் சேர்த்து வதக்கி, பத்துப் பேருக்குப் பங்கிடும் கைத்திறனை நம் வீடுகள் இத்தகைய நாட்களில்தான் வளர்த்துக்கொண்டன.

காலம் மாறியது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர் பல தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. நம் குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. அடுப்பும் கூடவே பெயர்ந்தது. இன்று கடையில் மீ கோரேங் வாங்கும் பிள்ளை ஒன்றைக் கவனிக்கலாம். 'மீ' என்பது சீனச் சொல், 'கோரேங்' என்பது வறுத்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல். அதைக் காரசாரமாகச் செய்து பெயர் வாங்கியவர்களில் முன்னிற்பவர்கள் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள். அந்தத் தட்டு சீனாவிலும் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை, இங்கே பிறந்தது. சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020-இல் மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. மலேசியாவின் பல இனக் காலை உணவுப் பண்பாட்டையும் 2024-இல் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகியவை அதில் குறிப்பிடப்பட்டுள்ளன. இந்தப் பெருமையில் லயத்து அடுப்படிக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் எதற்காகப் பேசுகிறோம்? நம் வீட்டில் ஒரு பிள்ளை, "அம்மா, என் கூட்டாளி வீட்டில் சாப்பிட்டது போல நாமும் செய்து பார்ப்போமா?" என்று கேட்கும். சிலர், "நம் சாப்பாடு உனக்கு ஆகாதோ?" என்று அதட்டிவிடுகிறோம். மறுபுறம், குழம்புச் சோற்றைப் பள்ளிக்குக் கொண்டுபோக வெட்கப்படும் பிள்ளையும் நம்மிடம் உண்டு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. அடுப்படியின் கதையைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். கதை தெரிந்த பிள்ளை தன் குழம்புக்கு நாணாது, அடுத்தவர் சம்பலை இகழாது.

சமைக்கும்போது சில ஒழுங்குகளையும் கற்றுக் கொடுப்போம். முஸ்லிம் நண்பருக்குப் பரிமாறுவதானால் ஹலால் முறை காக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். மாட்டிறைச்சி உண்ணாதவர், மரக்கறி மட்டுமே உண்பவர் யார் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்பதில் தாழ்வில்லை, மரியாதைதான் உண்டு. இன்னொன்று: அடுப்படிப் பாடம் பெண் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. முன்பு பத்து வயதுச் சிறுமியின் தோளில் ஏற்றிய சுமையை இனி அண்ணனும் தம்பியும் பகிர்ந்துகொள்ளட்டும். மகள் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்பு ஊதும் நிலை எந்த வீட்டிலும் வரவேண்டாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் இருந்தால், பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். கிழங்குப் புட்டு எப்படி அவித்தார்கள், முதல் முதலில் பிளாச்சானை யார் வாங்கி வந்தார்கள், பெருநாளுக்குக் கெத்துப்பாட் கொண்டு வந்த மலாய் அக்காவுக்குத் தீபாவளி முறுக்கை எதில் வைத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு பள்ளிக் கொப்பி போதும். தோட்டத்து லயங்கள் பலவற்றை இன்று இடித்துவிட்டார்கள். அங்கே எரிந்த அடுப்பின் கதை அந்தப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அதைக் கேட்டு எழுத நமக்கு இருக்கும் காலம் அதிகமில்லை.