'காடில்' என்னும் ஆங்கில வினையின் பொருள் வரலாறு

ஆங்கிலத்தில் 'காடில்' என்றொரு வினை உண்டு. கொதிநிலைக்குச் சற்றுக் கீழான வெந்நீரில் முட்டை, பழம் முதலியவற்றை மெல்ல வேகவைத்தல் என்பது அதன் ஒரு பொருள். ஒருவரை அளவுமீறிப் பேணுதல் என்பது மற்றொன்று. மென்மையாகச் சமைத்தல் மென்மையாக நடத்துதலாக விரிந்தது என உருவக வழியில் இதற்கு விளக்கம் கூறிவிடுவது எளிது. ஆயின் சான்றுகளைக் காலமுறையில் வைத்து நோக்கும்போது இவ்விரு பொருள்களுக்கும் இடையே ஒரு கண்ணி புலப்படுகிறது. அது நோயறை. அதனை அறிதல் மொழிபெயர்ப்பாளர்க்கு இன்றியமையாதது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சமையற்பொருளே காலத்தால் முந்தியது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அதற்குச் சான்றுகள் கிடைக்கின்றன. போமண்ட், பிளெட்சர் ஆகிய இருவரும் இயற்றி 1620இல் அச்சான 'பிலாஸ்டர்' நாடகத்தில், பிடிபட்ட இளவரசன் ஒருவனை ஓர் ஆப்பிள் வகையின் பெயரால் விளித்து, அவனை வேகவைத்துவிடுவதாக மிரட்டும் இடத்தில் இவ்வினை ஆளப்பெறுகிறது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியும் அரைவேக்காடாக வேகவைத்தல், வெந்நீரின் சூட்டால் மென்மையாக்குதல் என்றே பொருள் கூறுகிறது.

இதனோடு ஒலியால் நெருங்கிய 'கோடில்' என்னும் பெயர்ச்சொல் இன்னும் பழமையானது. சூடு என்னும் பொருளுடைய இலத்தீன் அடியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது அது. கூழ், திராட்சை மது அல்லது ஏல் என்னும் தானிய மது, முட்டை, சர்க்கரை, நறுமணப் பொருள்கள் ஆகியவை சேர்த்துக் காய்ச்சிய சூடான பானத்தை அது குறித்தது. நோயாளிகளுக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் அது வழங்கப்பட்டது. இப்பெயர் வினையாகவும் வழங்கியது. 1623இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 'டைமன் ஆஃப் ஏதென்ஸ்' நாடகத்தில், முன்னிரவு மிகுதியாக உண்டவனுக்குக் காலையில் இதமளிக்கும் செயலை அவ்வினை சுட்டுகிறது. உறைபனி படிந்த ஓடை அச்செயலைச் செய்யுமா என்பது அங்கு எழுப்பப்படும் ஏளன வினா.

பேணுதற்பொருளுக்கு அகராதிகள் காட்டும் முதற்சான்று, 1815 டிசம்பரில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' புதினம். தம் தோற்றத்தைப் பற்றிக் கவலையுறும் மனைவி இசபெல்லாவிடம், அவளுக்கும் குழந்தைகளுக்கும் செய்துகொள்வதோடு அமைந்து தம்மை விட்டுவிடுமாறு ஜான் நைட்லி கூறுகிறார். அங்கு 'காடில்' தனித்து வரவில்லை. மருத்துவம் பார்த்தல் என்னும் வினையோடு இணைந்து வருகிறது. இவ்விணைவே நம் கருத்துக்கு வலிமை சேர்ப்பது. நோயில்லாதவரை நோயாளியாகப் பாவித்தல் என்பதே இச்சொல்லின் தொடக்கப் பேணுதற்பொருள் எனலாம்.

அகராதியியலாருள் சிலர் இவற்றை ஒரே வடிவுடைய இருவேறு வினைகளாகக் கொண்டு, பேணுதற்பொருளை மட்டும் 'கோடில்' என்பதன் வழிப்படுத்துவர். வேறு சிலர் இரண்டையும் அதன் வழியினவாகக் கருதுவர். எவ்வாறாயினும் பேணுதற்பொருள் நோயறையைச் சார்ந்ததென்பது மாறுவதில்லை.

பின்னர் ஏற்பட்டது பொருளிழிபு. மேரி என்பதன் செல்லப்பெயரான 'மாலி' முன்சேர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே 'மாலிகாடில்' என்னும் இகழ்ச்சிச் சொல் தோன்றியது. 1907இல் ஹார்வர்டில் உரையாற்றிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், கல்லூரிகள் உறுதியுடைய ஆடவருக்குப் பதிலாக இத்தகையோரை உருவாக்கலாகாது என்று பேசினார்.

'பேம்பர்' என்னும் வினையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அதுவும் உணவிலிருந்து பிறந்ததே. ஆயின் அதன் மூலப்பொருள் மிகுதியாக ஊட்டுதல். அதன் குற்றம் மிகைநுகர்ச்சி. 'காடில்' என்பதன் குற்றம் மிகைக்காப்பு.

எனவே இரண்டையும் 'செல்லம் கொடுத்தல்' என ஒன்றாகப் பெயர்ப்பது பொருந்தாது. செல்லம் கேட்டதைக் கொடுப்பது. 'காடில்' காற்றும் படாமல் காப்பது. 'சீராட்டுதல்' என்பதில் கண்டனத் தொனி இல்லை. குழந்தைகளைப் பற்றி வருமிடத்துப் 'பொத்திப் பொத்தி வளர்த்தல்' என்பதும், பெரியவர்களைப் பற்றி வருமிடத்துத் 'தாங்கு தாங்கென்று தாங்குதல்' என்பதும் மூலத்தின் தொனியை நெருங்குகின்றன. லூகியானாஃபும் ஹைட்டும் 2018இல் வெளியிட்ட அமெரிக்க மனத்தைப் பற்றிய நூலின் தலைப்பில் இவ்வினை இடம்பெறுகிறது. மிகைக்காப்பு இளைஞரை நலிவிக்கிறது என்பதே அந்நூலின் வாதம். தலைப்பில் 'செல்லம்' புகுமாயின் அவ்வாதமே திரிந்துவிடும்.

சமையற்சொல் ஒன்றையே தமிழிலும் தேடுவது பயன்தராது. நம் 'பக்குவம்' வேக்காட்டிலிருந்து முதிர்ச்சிக்குச் சென்றது; 'காடில்' நலிவை நோக்கிச் சென்றது. அடுப்பு ஒன்றாயினும் இரு மொழிகளும் அதிலிருந்து சென்ற திசைகள் வேறு.