நம் கரையில் மாண்டோர்

சாத்தம் துறையிலிருந்து பாம்பூஃப்ளாட்டுக்கு வரும் படகில் நாம் நாள்தோறும் கடலைக் கடக்கின்றோம். அலுவலகம் செல்வோர், பள்ளிப் பிள்ளைகள், காய்கறிக் கூடை சுமந்தோர், வண்டிகள் என யாவும் நெருங்கி நிற்கும் அப்படகு கால் மணி நேரத்திற்குள் நம்மைக் கரை சேர்த்துவிடுகின்றது. மேற்கே வைப்பர் தீவு. வடகிழக்கே ஹாரியட் மலை. அம்மலையின் அடியில் ஹோப்டவுன். துறைமுக வாயிலில் ராஸ் தீவு. எல்லாம் சில மைல் தொலைவுக்குள் அடங்கியவை. கண்ணுக்கு இனிய இக்காட்சியின் பின்னே, 1858 முதல் 1872 வரையிலான பதினான்கு ஆண்டுகளில் கயிற்றாலும் அம்பாலும் குண்டாலும் கத்தியாலும் பறிபோன உயிர்களின் வரலாறு ஒன்று உள்ளது. அவற்றுள் ஒரே ஓர் உயிரைப் பற்றித்தான் உலகம் பேசிற்று. மற்றவற்றையும் நினைத்துப் பார்ப்பது, இக்கரையில் குடியேறி வாழும் நமது கடமை என்று கருதியே இக்கட்டுரையை வரைகின்றோம்.

முதல் மூன்று திங்கள்

1789ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு பிளேர் சாத்தம் தீவில் அமைத்த முதற் குடியேற்றம் பின்னர் வடக்கே மாற்றப்பட்டு, நோயின் கொடுமையால் 1796இல் கைவிடப்பட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1857இல் எழுந்த பெருங்கிளர்ச்சி ஆங்கிலேயருக்கு இத்தீவுகளை மீண்டும் நினைவூட்டிற்று. சிறைப்பட்ட கிளர்ச்சிக்காரரைத் தாய்நாட்டில் வைத்திருக்க அவர்கள் அஞ்சினர். ஆக்ராச் சிறையின் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் இருநூறு கைதிகளுடன் 1858 மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் இத்துறைமுகத்தை அடைந்தார். சாத்தத்தில் நன்னீர் கிட்டாமையால் தலைமையிடம் ராஸ் தீவுக்கு மாறிற்று.

காடு வெட்டும் கைதிகளுக்குக் கடலே சிறைச்சுவர். ஆயினும் அவர்கள் அஞ்சவில்லை. காட்டைக் கடந்து பத்து நாள் நடந்தால் பர்மா நாட்டை அடையலாம் என்றொரு நம்பிக்கை அவர்களிடையே பரவியிருந்தது. மரக்கட்டைகளைப் பிணைத்து மிதவையாக்கி, கூட்டங் கூட்டமாகத் தப்பினர். எக்காட்டிலும் வழி இல்லை. எதிர்ப்பட்டதெல்லாம் பசியும் அம்புமே. பிழைத்துத் திரும்பியோரும் பிடிபட்டோரும் வாக்கர் முன் நிறுத்தப்பட்டனர். அவர்களுள் 86 பேரை ஒரே நாளில் அவர் தூக்கிலிடச் செய்தார். இங்கு வந்தபின் அவர்கள் எவரையும் கொன்றாரல்லர். ஓடிப்போனதே அவர்கள் செய்த குற்றம்.

அவ்வாண்டு ஜூன் 16ஆம் நாள் வரையிலான கணக்கொன்று ஆவணங்களில் உள்ளது. வந்து சேர்ந்த கைதிகள் 773. மருத்துவமனையில் இறந்தோர் 64. தப்பியோடி மீளாதோர், அதாவது பசியாலோ அம்பாலோ மாண்டதாகக் கொள்ளப்பட்டோர், 140. தற்கொலை செய்துகொண்டவர் ஒருவர். தப்ப முயன்றமைக்காகத் தூக்கிலிடப்பட்டோர் 87. எஞ்சியோர் 481. மூன்று திங்களும் சில நாளுமே கொண்ட காலத்தில் 292 பேர் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டனர். ஏறத்தாழ ஐவரில் இருவர் என்பது கணக்கு.

கல்கத்தாவிலிருந்த மேலரசே இத்தூக்குத் தண்டனையை ஏற்கவில்லை. இனி இவ்வாறு செய்யலாகாது என்று வாக்கருக்கு ஆணை பிறந்தது. அரசனுக்கு அறம் உரைத்த நம் வள்ளுவர் கொடுங்கோன்மையை அடுத்து, குடிகள் அஞ்சி நடுங்கும்படி ஒழுகலாகாது என்பதற்கு ‘வெருவந்த செய்யாமை’ எனத் தனி அதிகாரமே வகுத்தமையை ஈண்டு நினைத்தல் தகும். 1859 அக்டோபரில் வாக்கர் நீங்கினார். ஆணை பிறந்தபோது அந்த 87 பேரும் மண்ணுக்குள் போய்விட்டிருந்தனர்.

வில்லும் துப்பாக்கியும்

கைதிகள் வெட்டிய காடு எவருக்கும் உரியதன்று என ஆட்சியாளர் எண்ணினர். அது பெரிய அந்தமானியர் என நாம் இன்று அழைக்கும் தொல்குடியினரின் வேட்டைக் காடு. மரம் வீழ வீழ அவர்கள் வில்லெடுத்தனர். அவர்களுடைய அம்புக்கு இரையானவர்களோ, பெரும்பாலும், தம் விருப்பின்றி இங்கு கொணரப்பட்ட கைதிகளே.

1859 மே திங்களில் அம்மக்கள் பெருந்திரளாக அபர்டீன் குடியிருப்பைத் தாக்கினர். அத்தாக்குதலை முன்கூட்டியே அறிவித்தவன் துத்நாத் திவாரி என்னும் கைதி. அவன் 1858 ஏப்பிரலில் ராஸ் தீவிலிருந்து தப்பியவன். உடன் வந்தோர் அம்புபட்டு மாள, காயத்துடன் பிழைத்த அவனைத் தொல்குடியினர் தம்முடன் சேர்த்துக்கொண்டனர்; மணமும் செய்வித்தனர். ஓராண்டு அவர்களோடு உண்டு உறங்கியவன், அவர்களுடைய திட்டத்தை ஆங்கிலேயரிடம் வந்து உரைத்தான். அதற்குப் பரிசாக 1860இல் மன்னிப்புப் பெற்று ஊர் திரும்பினான். அவன் செய்தது துரோகமா, அபர்டீனிலிருந்த சக கைதிகளின் உயிரைக் காத்த செயலா என்பதை எளிதில் தீர்த்துவிட இயலாது. வில்லேந்தி வந்தோர் துப்பாக்கிக்கும் கப்பற் பீரங்கிக்கும் எதிரே நிற்கமாட்டாது பின்வாங்கினர். அவர்களுள் மாண்டோர்க்கு, கைதிகளுக்கு இருந்தது போன்ற ஒரு பட்டியலும் இல்லை.

பின்னர் வந்த நோய்கள் துப்பாக்கியினும் கொடியவை ஆயின. 1877இல் பரவிய தட்டம்மை அவர்களைக் கூட்டங் கூட்டமாக அழித்தது. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பெரிய அந்தமானியர் 625 பேர். 1961இல் 19 பேரே.

ஹோப்டவுன் துறை

இனி, உலகறிந்த மரணத்திற்கு வருவோம். 1869இல் அரசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்ற மேயோ பிரபு, 1872 பிப்ரவரி 8ஆம் நாள் காலை ‘கிளாஸ்கோ’ என்னும் போர்க்கப்பலில் இங்கு வந்தார். அப்போது கண்காணிப்பாளராக இருந்தவர் தளபதி டொனால்டு ஸ்டூவர்ட். ராஸ், வைப்பர், சாத்தம் ஆகிய இடங்களை மேயோ பார்வையிட்டார். எங்கும் காவல் பலமாயிருந்தது. மாலையில், நோயாளிகள் தங்கி உடல் தேறுவதற்கு ஹாரியட் மலை ஏற்றதா எனக் காண விரும்பி, ஹோப்டவுனில் இறங்கி மலையேறினார். உச்சியிலிருந்து கதிரவன் மறைவதைக் கண்டு மகிழ்ந்தார். இறங்கி வருகையில் இருட்டிவிட்டது.

ஏறத்தாழ ஏழு மணி. தீவட்டிகள் முன்செல்ல, படகேறும் பொருட்டு மேயோ துறையின் மீது விரைந்து நடந்தார். மறுநாட் பணி பற்றி ஆணையிட ஸ்டூவர்ட் ஒரு கணம் விலகினார். அந்த ஒரு கணத்தில் இருளிலிருந்து பாய்ந்த ஒருவன் பிரபுவின் முதுகில் இருமுறை கத்தியைப் பாய்ச்சினான். நீரில் விழுந்து எழுந்த மேயோவை ஒரு வண்டியின் மீது அமர்த்தினர். பின்பு படகில் கிடத்தினர். துணைவியார் காத்திருந்த கப்பலைப் படகு அடைவதற்குள் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு ஐம்பது அகவை நிறையவில்லை. பதவியிலிருக்கையில் கொலையுண்ட அரசப் பிரதிநிதி அவர் ஒருவரே.

குத்தியவன் ஷேர் அலி; அப்ரிடி இனத்துப் பட்டாணியன். பெஷாவரில் ஆங்கிலேயரிடம் பணிபுரிந்தவன். குலப்பகை காரணமாக உறவினன் ஒருவனைக் கொன்றதாக 1867இல் தூக்குத் தண்டனை பெற்று, பின் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1869இல் இங்கு வந்தவன். குலப்பகை தீர்த்தல் அவன் ஊர் வழக்கில் குற்றமன்று. நன்னடத்தை உடையவன் என்றே ஹோப்டவுனில் நாவிதத் தொழில் செய்ய அவனை விட்டிருந்தனர். ஆயின், உயர்நிலை ஆங்கிலேயர் ஒருவரைக் கொல்வது என்னும் உறுதி அவன் நெஞ்சில் ஆறாமல் இருந்தது. அன்று காலை மரியாதைக் குண்டோசை கேட்டதும் கத்தியைத் தீட்டினான்; தீவுகளுக்குச் செல்ல வழி காணாது பகலெல்லாம் தவித்தான். மாலையில் பிரபுவே அவன் இருந்த கரைக்கு வந்தார்.

அங்கிருந்தோர் அவனை அப்பொழுதே கொன்றிருப்பர். ஆங்கில அதிகாரி ஒருவரே அதனைத் தடுத்தார். மறுநாள் விசாரணை நடந்தது. கல்கத்தா உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்ய, மார்ச்சு 11ஆம் நாள் வைப்பர் தீவில் அவன் தூக்கிலிடப்பட்டான். யார் ஏவலால் செய்தாய் என்று கேட்டதற்கு, இறைவன் ஆணையால் என்பதே அவன் விடை. அவனை விடுதலை வீரன் என்பாரும் உளர். தன் பகை தீர்த்தவன் என்பாரும் உளர். அவன் தூய வீரனும் அல்லன், வெறும் கொலைஞனும் அல்லன் என்பதே நமக்குத் தோன்றுவது. மலைநாட்டுக் குலநீதிக்கும் ஆங்கில நீதிக்கும் இடையே அகப்பட்ட ஒருவனுடைய சினத்திற்கு நம் ஹோப்டவுன் களமாயிற்று.

நினைவு யாருக்கு?

மேயோவின் உடல் கல்கத்தா வழியாக அயர்லாந்து சென்று, பெருமரியாதையுடன் அடக்கமாயிற்று. அஜ்மீரில் அவர் பெயரால் கல்லூரி எழுந்தது. அவர் நல்லெண்ணத்துடன் வந்தவர். அவருக்காக வருந்துவதில் பிழையில்லை. ஆனால் 292 பேருக்குக் கிடைத்தது பட்டியலில் சில வரிகளே. வில்லேந்தி வீழ்ந்தோர்க்கு அதுவும் இல்லை. இத்தீவுகளில் கொடுமை மண்ணின் இயல்பால் விளைந்ததன்று. காட்டை உடையவரிடமிருந்து பறித்து, வாழ விரும்பாதவரைக் கொணர்ந்து அங்கே நிறுத்தி, இருவரையும் அச்சத்தால் ஆள முயன்றமையின் விளைவே அது. அந்த அச்சம் பதினான்காம் ஆண்டில் ஆள்வோரையும் தீண்டிற்று.

பெயர்கள் மாறிவிட்டன. ராஸ் தீவு 2018இல் நேதாஜியின் பெயரைப் பெற்றது. ஹாரியட் மலை, 1891ஆம் ஆண்டுப் போருக்குப் பின் இங்கு சிறைவைக்கப்பட்ட மணிப்பூர் வீரரின் நினைவாக, 2021இல் மவுண்ட் மணிப்பூர் ஆயிற்று. போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றது. பெயர் மாற்றத்தோடு நம் கடமை முடிந்துவிடவில்லை.

நம்மிற் பலருடைய குடும்பங்கள் நாடு விடுதலை பெற்ற பின்னர், பிழைப்பு நாடித் தம் விருப்பால் கப்பலேறி வந்தவை. விலங்கு பூண்டு வந்தோர் வெட்டிய வழியில் நாம் நடக்கின்றோம். வேறொருவர் வேட்டையாடிய காட்டில் நம் வீடுகள் நிற்கின்றன. ஆண்டு விழாவிற்கு வந்துள்ள பெற்றோரை நாம் வேண்டுவது ஒன்றே. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்லும்போது, ஹோப்டவுன் கரையில் சற்று நின்று மேயோவின் கதையைக் கூறுங்கள். அதனோடு நிறுத்திவிடாது, அந்தப் பட்டியலின் எண்களையும், எண்ணப்படாத தொல்குடியினரையும் பற்றிக் கூறுங்கள்.