வாகை சூடியவரும் வாய்ப்பு மறுக்கப்பட்டவரும்



பூப்பந்து, காற்பந்து, திடல்தடப் போட்டி ஆகியவற்றைப் பற்றி எழுதினால் யாரும் வியப்படைய மாட்டார்கள். குத்துச்சண்டையைப் பற்றி எழுதினால், "ஒருவரையொருவர் அடித்து வீழ்த்தும் ஆட்டத்தில் மாணவர்க்குச் சொல்ல என்ன இருக்கிறது?" என்ற கேள்வி எழும். அக்கேள்வி நியாயமானதே. குத்துச்சண்டையைப் பரிந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால், ஹெவிவெயிட் எனப்படும் அதிக எடைப் பிரிவின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, ஓர் உண்மை எனக்குத் தெளிவாகப் புலப்பட்டது. யார் வென்றார், யார் தோற்றார் என்பது அவ்வரலாற்றின் ஒரு பாதிதான். யார் யாரை எதிர்கொள்ள மறுத்தார், யார் துணிந்து ஏற்றுக்கொண்டார் என்பதே மறுபாதி. கல்விப் பணியில் இருக்கும் நாம் கருத்தில் கொள்ள வேண்டியது அந்த மறுபாதியைத்தான்.

மூடிய கதவு

இன்றைய குத்துச்சண்டைக்கு அடிப்படையான குவீன்ஸ்பெரி விதிகள் 1867-ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிடப்பட்டன. கையுறை, மூன்று நிமிடச் சுற்று, வீழ்ந்தவருக்குப் பத்து எண்ணிக்கை ஆகியவை அவ்விதிகளால் வந்தவை. ஆட்டத்திற்கு ஒழுங்கு வந்தது. ஆனால் நீதி வரவில்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற வெற்றியாளர் ஜான் எல். சல்லிவன், 1892-இல் உலகிற்கு அறைகூவல் விடுத்தபோது, கறுப்பின வீரர்களோடு மட்டும் மோத மாட்டேன் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்ற அறைகூவலில் அந்த "யார்" என்ற சொல்லுக்கே வேலி போடப்பட்டது.

அவ்வேலியால் பெரிதும் பாதிக்கப்பட்டவர் பீட்டர் ஜாக்சன். மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்து ஆஸ்திரேலியாவில் புகழ் பெற்ற கறுப்பின வீரர் அவர். 1891 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் அவரும் ஜிம் கார்பெட்டும் 61 சுற்றுகள் மோதினர். இருவரும் களைத்துத் தளர்ந்தமையால், முடிவு காணாமலேயே ஆட்டம் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டே கார்பெட், சல்லிவனை வீழ்த்தி உலகப் பட்டத்தைக் கைப்பற்றினார். ஆயினும், 61 சுற்றுகள் தமக்கு ஈடுகொடுத்த ஜாக்சனுக்குப் பட்டத்திற்காக மோதும் வாய்ப்பை அவர் ஒருநாளும் வழங்கவில்லை.

துரத்திச் சென்று பெற்ற வாய்ப்பு

அக்கதவை முதன்முதலில் உடைத்தவர் ஜேக் ஜான்சன். டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் 1878-இல் பிறந்தவர். அப்போதைய உலக வெற்றியாளரான கனடா நாட்டு டாமி பர்ன்சைப் பின்தொடர்ந்து, ஆஸ்திரேலியாவரை அவர் பயணம் செய்தார். இறுதியில் 30,000 அமெரிக்க டாலர் தருவதாக ஏற்பாட்டாளர் ஒப்புக்கொண்ட பின்னரே பர்ன்ஸ் மேடையேற இசைந்தார். 1908 டிசம்பர் 26-ஆம் நாள் சிட்னி நகரில் அப்போட்டி நடைபெற்றது. பதினான்காம் சுற்றில் காவல் துறையினர் தலையிட்டு ஆட்டத்தை நிறுத்தினர். ஜான்சன், முதல் கறுப்பின உலக வெற்றியாளரானார்.

பர்ன்சுக்காக ஒரு சொல் கூற வேண்டும். பணத்திற்காகத்தான் அவர் இசைந்தார் எனினும், அவருக்கு முன்னிருந்தவர்கள் அதற்கும் இசையவில்லை. தோற்றவராயினும், வாய்ப்பளித்தவர் என்ற இடம் அவருக்கு வரலாற்றில் உண்டு.

இதற்குப் பின் நிகழ்ந்தது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஜான்சனை வீழ்த்துவதற்காக, ஓய்வு பெற்றிருந்த ஜிம் ஜெப்ரிஸ் மீண்டும் அழைத்து வரப்பட்டார். 1910 ஜூலை 4-ஆம் நாள் ரீனோ நகரில் பதினைந்தாம் சுற்றில் அவரும் வீழ்ந்தார். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இனக்கலவரம் மூண்டது, உயிர்கள் பறிபோயின. அத்தனை பகைமையையும் எதிர்கொண்ட அதே ஜான்சன், தம்மைப் போன்றே வாய்ப்பு மறுக்கப்பட்ட கறுப்பின வீரர்களுக்குத் தம் பட்டத்தின் கதவைப் பெரும்பாலும் மூடியே வைத்திருந்தார்! அவர் வெற்றியாளராக இருந்த ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில், ஒரேயொரு கறுப்பின வீரருக்கே பட்டப் போட்டி கிடைத்தது. 1913-இல் பாரிசு நகரில் அவரோடு மோதிய ஜிம் ஜான்சன் என்பவரே அவர்.

வாய்ப்புக் கிடைக்காதவர்களுள் தலைசிறந்தவர் சாம் லாங்போர்ட். கனடாவின் நோவா ஸ்கோசியா மாநிலத்தவர். உயரத்தில் குறைந்தவர்; ஆற்றலில் நிகரற்றவர். தம்மைவிட எடை மிகுந்தவர்களையும் வீழ்த்தினார். ஆயினும் ஜான்சன் வெற்றியாளரான பிறகு, அவரோடு ஒருமுறைகூட மோதவில்லை. வாய்ப்பு மறுக்கப்பட்ட கறுப்பின வீரர்கள் தங்களுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் மோதிக்கொண்டனர். லாங்போர்ட் பார்வையை இழந்து, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வறுமையில் வாழ்ந்ததை 1944-இல் ஒரு செய்தியாளர் கண்டறிந்து எழுதிய பிறகே, மக்கள் நிதி திரட்டி அவருக்கு உதவினர். 1956-இல் அவர் மறைந்தார். அதிக எடைப் பிரிவின் உலகப் பட்டத்திற்காக ஒருமுறையேனும் மேடையேறும் பேறு அவருக்கு வாய்க்கவே இல்லை.

ஜான்சன் 1915-இல் ஹவானாவில் பட்டத்தை இழந்தார். அதன்பின் 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பின வீரருக்கும் இப்பிரிவின் பட்டப் போட்டி கிட்டவில்லை. ஜேக் டெம்ப்சி 1919 முதல் 1926 வரை வெற்றியாளராக விளங்கினார். ஹேரி வில்ஸ் என்ற கறுப்பின வீரர், அவருக்குத் தக்க எதிராளி என்று பலராலும் கருதப்பட்டார். ஒப்பந்தம்கூட எழுதப்பட்டது, போட்டிதான் நடக்கவில்லை.

ஏற்றுக்கொண்டவர்கள்

1937-இல் ஜோ லூயிஸ் பட்டம் வென்றதும் காட்சி மாறியது. 1949 வரை 25 முறை அவர் தம் பட்டத்தைக் காத்தார். 1941-இல் மட்டும் ஏழு முறை மேடையேறினார். எதிராளிகளுள் சிலர் வலுக் குறைந்தவர்கள் என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. ஆனால் முன்பு தம்மை வீழ்த்திய ஜெர்மானியர் மேக்ஸ் ஷ்மெலிங்கை மீண்டும் எதிர்கொள்ள அவர் தயங்கவில்லை. 1938 ஜூன் 22-ஆம் நாள் நியூயார்க்கில் முதல் சுற்றிலேயே, 124 வினாடிகளில் ஷ்மெலிங் வீழ்ந்தார்.

என் உள்ளம் கவர்ந்தவர் இன்னொருவர், அவர் தோற்றவர். பிளாய்ட் பேட்டர்சன், இழந்த அதிக எடைப் பட்டத்தை மீண்டும் வென்ற முதல் வீரர். அவர் காலத்தில் அனைவரும் அஞ்சிய அறைகூவலாளர், சிறை சென்று மீண்ட சன்னி லிஸ்டன். அவரோடு மோத வேண்டாம் என்று பேட்டர்சனை வளர்த்தெடுத்த கஸ் டமாட்டோவே தடுத்தார். தகுதியுள்ளவருக்கு வாய்ப்பளிக்காமல் பட்டத்தை வைத்துக்கொள்ள பேட்டர்சனுக்கு மனம் ஒப்பவில்லை. 1962 செப்டம்பர் 25-ஆம் நாள் சிகாகோவில் முதல் சுற்றிலேயே தோற்றார். வெட்கம் தாளாமல் பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறினார். மறு ஆண்டு மீண்டும் மோதினார். மீண்டும் முதல் சுற்றிலேயே தோல்வி. இன்று அவரைக் கோழை என்று யாரேனும் சொல்கிறார்களா? இல்லை. பட்டம் போயிற்று, மதிப்புப் போகவில்லை.

கோலாலம்பூர் கண்ட வெற்றியாளர்

முகம்மது அலியைப் பற்றி நம் நாட்டவர்க்கு அறிமுகம் தேவையில்லை. வியட்நாம் போருக்கான படைச்சேர்க்கையை மறுத்தமையால் 1967-இல் அவர் பட்டம் பறிக்கப்பட்டது. மீண்டு வந்தபோது, எளிய பாதையை அவர் நாடவில்லை. 1971-இல் ஜோ பிரேசியரிடம் தோற்றார். 1973-இல் கென் நார்ட்டன் அவருடைய தாடையை உடைத்துத் தோற்கடித்தார். இவ்விருவரையும் இரண்டே சுற்றுகளில் வீழ்த்தியவர் ஜார்ஜ் போர்மன். அந்தப் போர்மனைத்தான் 1974 அக்டோபர் 30-ஆம் நாள் கின்சாசா நகரில் அலி எதிர்கொண்டு எட்டாம் சுற்றில் வென்றார். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று போற்றுவதற்குக் காரணம், அப்போது வலிமை மிக்கோர் பலர் இருந்தது மட்டுமன்று. அவர்கள் ஒருவரையொருவர் தவிர்க்காமல் மோதியதுமாகும்.

1975 ஜூலை முதல் நாள், அலி நம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரை எதிர்கொண்டார். 15 சுற்றுகள் முழுமையாக ஆடிப் புள்ளிகளால் வென்றார். சரியாக மூன்று மாதங்களுக்குப் பின், அக்டோபர் முதல் நாள், மணிலாவில் பிரேசியருடன் அவருடைய மூன்றாம் போட்டி நடைபெற்றது. பதினான்கு சுற்றுகள் முடிந்தபோது பிரேசியரின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டிருந்தன. அவரோ இன்னும் ஆட வேண்டும் என்றார். பயிற்றுநர் எடி பட்ச் மறுத்து, ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

இந்நிகழ்வை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். துணிவு ஆடுபவரிடம் இருக்க வேண்டும். நிறுத்தத் தெரிந்த அறிவு அருகில் நிற்பவரிடம் இருக்க வேண்டும். அலியின் வாழ்வின் பிற்பகுதியில் அந்த அறிவு யாரிடமும் போதிய அளவு இருக்கவில்லை. 1980-இலும் 1981-இலும் தளர்ந்த உடலோடு மேடையேறித் தோற்றார். 1984-இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது வெளியானது. தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடி மூளையைப் பாதிக்கிறது என்பதை மருத்துவம் ஐயமின்றி நிறுவியுள்ளது. குத்துச்சண்டையைப் போற்றும் எவரும் இதை மறைத்துப் பேசக்கூடாது.

பட்டங்கள் பெருகின; போட்டிகள் சுருங்கின

பிற்காலத்தில் நிறத்தடை நீங்கியது. வேறொரு தடை முளைத்தது. உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகள் 1980-களின் முடிவில் நான்காகிவிட்டன. ஒரே நேரத்தில் பலர் தம்மை உலக வெற்றியாளர் என்று அழைத்துக்கொள்ள முடிந்தது. வலியவரைத் தவிர்த்துவிட்டும் பட்டத்தோடு வலம்வரலாம் என்ற நிலை ஏற்பட்டது. 1992-இல் ரிடிக் போவ், லெனக்ஸ் லூயிசை எதிர்கொள்ள வேண்டிய கட்டாயம் வந்தபோது, தம் பட்டப் பட்டைகளுள் ஒன்றைச் செய்தியாளர் முன்னிலையில் குப்பைத் தொட்டியில் போட்டார். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் அவரை வென்றவர்தான் லூயிஸ். தொழில்முறைக் களத்தில் இருவரும் மோதவே இல்லை.

1999-இல் லூயிஸ் மறுப்பிற்கிடமில்லாத ஒரே வெற்றியாளரானார். அந்நிலையை அடுத்தொருவர் எட்ட 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உக்ரைன் நாட்டு ஒலெக்சாண்டர் உசிக், 2024 மே 18-ஆம் நாள் ரியாத்தில் டைசன் பியூரியை வென்று, இப்பிரிவின் நான்கு பட்டங்களையும் ஒருசேரப் பெற்ற முதல் வீரரானார். உசிக் சென்ற ஊர்களைப் பாருங்கள். போலந்து வீரரைப் போலந்தில், லாட்வியரை ரீகாவில், உருசியரை மாஸ்கோவில், ஆங்கிலேயர்களை மான்செஸ்டரிலும் இலண்டனிலும் சந்தித்தார். எதிராளியின் சொந்த மண்ணில், எதிராளிக்காகக் கூச்சலிடும் கூட்டத்தின் நடுவே வென்று காட்டினார். 2025 ஜூலையில் இலண்டன் வெம்பிளி அரங்கில் டேனியல் டுபாவையும் ஐந்தாம் சுற்றில் வீழ்த்தினார். ஆயினும் அமைப்புகளின் பிடியிலிருந்து அவராலும் தப்ப இயலவில்லை. அவ்வாண்டு நவம்பரில் நான்கனுள் ஒரு பட்டத்தைத் தாமே விட்டுக்கொடுத்தார். தனிமனிதத் துணிவு மட்டும் போதாது. அத்துணிவுக்கு இடம்கொடுக்கும் ஏற்பாடும் நேர்மையாக இருக்க வேண்டும்.

நமக்குரியது

இவ்வரலாற்றிலிருந்து நம் பள்ளிகளுக்கு மூன்று கருத்துகளை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

முதலாவது, பெற்றோருக்கு. தோற்றுவிடுவான் என்று அஞ்சிப் பிள்ளையைப் போட்டிக்கே அனுப்பாமல் இருப்பது அன்பு போலத் தோன்றும்; உண்மையில் அது ஒரு கதவை மூடுவதாகும். பேட்டர்சனைப் போல் முதல் சுற்றிலேயே தோற்றாலும், மறுபடியும் மேடையேறக் கற்றுக்கொண்ட பிள்ளை எதையும் இழக்கவில்லை.

இரண்டாவது, பயிற்சியளிப்போருக்கு. பிள்ளையின் துணிவை நம் பெருமைக்காகச் செலவிடக் கூடாது. எடி பட்ச் செய்ததைப் போல், "போதும்" என்று சொல்லும் கடமை நம்முடையது.

மூன்றாவதே எனக்கு மிகவும் உறுத்தலாக இருக்கிறது. பேச்சுப் போட்டி, கவிதை ஒப்புவித்தல், புறப்பாட நடவடிக்கை என எது வந்தாலும், பள்ளிக்கு வெற்றி வேண்டும் என்பதற்காக, வென்று பழகிய அதே இரண்டு மூன்று மாணவர்களையே அனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. சுழற்கோப்பைகள் அலுவலக அலமாரியை நிறைக்கின்றன. ஆனால் பின்வரிசையில் அமர்ந்து, ஆறு ஆண்டுகளில் ஒருமுறையேனும் பெயர் அழைக்கப்படாதா என்று காத்திருந்த பிள்ளை யார்? சாம் லாங்போர்ட் எவ்வளவு பெரிய வீரர் என்பதை அவருடைய காலத்தவர் அறிந்தேயிருந்தனர். அறிந்திருந்தும் வாய்ப்பளிக்கவில்லை. நம் வகுப்பறையில் இருக்கும் அத்தகைய பிள்ளையின் ஆற்றலை நாம் இன்னும் அறியக்கூட இல்லை.

அடுத்த போட்டிக்கான அறிவிப்புக் கடிதம் பள்ளிக்கு வரும்போது, இதுவரை எழுதப்படாத ஒரு பெயரைப் பட்டியலில் எழுதிப் பாருங்கள். கோப்பை வராமல் போகலாம். கதவு திறந்திருக்கும்.