திரைக்காவியங்களில் கொமோடஸ்: வரலாறும் சொற்பொருளும்

1. முன்னுரை

பண்டைய உரோமானிய வரலாற்று மாந்தர் திரைக்காவியங்களில் இடம்பெறும்பொழுது நிகழ்ச்சிகள் மட்டுமன்றிச் சொற்களும் மாற்றம் பெறுகின்றன. நிகழ்ச்சி மாற்றத்தை எளிதில் இனங்காணலாம். சொற்பொருள் மாற்றமோ பெரும்பாலும் கவனத்திற்கு வருவதில்லை. பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ், அவர் மகன் கொமோடஸ் ஆகியோரைச் சித்திரிக்கும் இரு படங்களின் வழி இதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அவை அந்தோணி மான் இயக்கிய 'உரோமானியப் பேரரசின் வீழ்ச்சி' (1964), ரிட்லி ஸ்காட் இயக்கிய 'கிளாடியேட்டர்' (2000) என்பன.

2. சான்றுகளும் புனைவும்

மார்க்கஸ் கி.பி. 180 மார்ச் 17 அன்று, டான்யூப் எல்லைப் போர்க்காலத்தில் இறந்தார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 177இல், கொமோடஸ் இணைப் பேரரசராக உயர்த்தப்பட்டிருந்தார். தந்தை தம் மகனை விலக்க எண்ணியதற்கு இவ்வுயர்வு இடந்தரவில்லை. எனினும் இரு படங்களும் மார்க்கஸ் வேறொருவரைத் தேர்ந்ததாகவே கதையை அமைக்கின்றன. முதற்படத்தில் நஞ்சு தடவிய கத்தியால் அறுத்த பழம் அவர் உயிரைப் பறிக்கிறது. இரண்டாவதில் மகனே மூச்சைத் திணறடித்துக் கொல்கிறான்.

இதனை முழுப் புனைவென ஒதுக்கவும் இயலாது. கொமோடஸ் காலத்தில் செனட் உறுப்பினராக விளங்கிய டியோ காசியஸ், அவருக்கு உகந்தவாறு நடக்க விரும்பிய மருத்துவர்களாலேயே மார்க்கஸ் இறந்ததாகத் தாம் கேள்வியுற்றதைப் பதிவுசெய்துள்ளார். கொமோடஸ் அரங்கில் இறங்கிப் பொருததற்கும் அவரே நேர்ச்சான்று. ஆனால் 192 டிசம்பர் 31 அன்று கொமோடஸைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன் நார்சிஸஸ் என்னும் மல்லன். படங்களோ கதைத்தலைவனோடு நிகழும் நேர்ப்போரில் அவரை வீழ்த்துகின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கால ஆட்சி இதனால் மிகச் சுருங்கிவிடுகிறது.

3. 'ரெஸ் பூப்ளிகா'

'கிளாடியேட்டர்' படத்தில் மார்க்கஸ், அதிகாரத்தைச் செனட்டிடம் ஒப்படைத்து உரோமையை மீண்டும் 'ரிபப்ளிக்' ஆக்க விழைகிறார். இச்சொல்லின் மூலமான இலத்தீன் 'ரெஸ் பூப்ளிகா' என்பதில் 'ரெஸ்' பொருள் அல்லது காரியத்தையும், 'பூப்ளிகா' மக்களுக்குரியது என்பதையும் குறிக்கும். முடியாட்சிக்கு எதிரான ஆட்சிமுறை என்பது அதன் அடிப்படைப் பொருளன்று. பேரரசர் காலத்திலும் அரசு அப்பெயராலேயே சுட்டப்பட்டது. முதற் பேரரசரான அகஸ்டஸ், ரெஸ் பூப்ளிகாவைத் தம்மிடமிருந்து செனட், மக்கள் ஆகியோரின் பொறுப்பிற்கு மாற்றியதாகத் தம் சாதனைக் குறிப்பில் கூறுகிறார். முடியாட்சிக்கு மறுதலையான பொருள் பிற்கால ஐரோப்பிய அரசியல் சிந்தனையில் நிலைபெற்றதாகும்.

தமிழில் 'குடியரசு' இப்பிற்காலப் பொருளையே தாங்கி நிற்கிறது. ஆகவே படத்தின் உரையாடலை மொழிபெயர்ப்பவர் 'குடியரசு' என்பதே பொருந்தும். படம் கருதும் பொருள் அதுவே. ஆனால் பேரரசர் கால இலத்தீன் நூலைப் பெயர்ப்பவர் அச்சொல்லை இட்டால், மூலத்தில் இல்லாத ஆட்சிமுறைப் பூசலை வலிந்து புகுத்தியவராவார். அங்கு இடத்திற்கேற்ப 'அரசு', 'பொதுக்காரியம்', 'பொதுநலம்' என்பனவற்றுள் ஒன்று ஏற்புடையது.

4. பெயரமைப்பு

அப்படத்தின் தலைவன் பெயர் மாக்சிமஸ் டெசிமஸ் மெரிடியஸ். உரோமானிய ஆடவர் பெயர் முற்பெயர், குலப்பெயர், சிறப்புப்பெயர் என்னும் வரிசையில் அமையும். டெசிமஸ் முற்பெயராக வழங்குவது; முதலில் நிற்க வேண்டியது. மாக்சிமஸ் சிறப்புப்பெயராதலின் இறுதியில் வர வேண்டும். இக்கால மேலைநாட்டு வழக்கில் முதற்பெயரால் விளிப்பது இயல்பு. படத்தின் வரிசை அதனோடு ஒத்துள்ளது. புனைபாத்திரத்தின் பெயரை மொழிபெயர்ப்பாளர் திருத்தலாகாது. ஆயின் அதனையே உரோமானியப் பெயரமைப்புக்கு மாதிரியாகக் கொள்ளுதல் தவறாகும்.

பெயர் கொமோடஸுக்கே பெருங்காரியமாக இருந்தது. பன்னிரு மாதங்களுக்கும் தம் பெயர்களையும் பட்டங்களையும் சூட்டினார். உரோமை நகரையே தம் பெயரால் வழங்கச் செய்தார். அவர் இறந்ததும் செனட் அவர் நினைவைப் பழித்தது. கல்வெட்டுகளில் அவர் பெயர் செதுக்கி அழிக்கப்பட்டது. பின்னர்ச் செப்டிமியஸ் செவேரஸ் அவரைத் தெய்வநிலைக்கு உயர்த்தினார்.

5. முடிவுரை

ஒரே மனிதரை அழிப்பதும் போற்றுவதும் சில ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தமையின், சான்றுகளே ஒருமுகமானவை அல்ல என்பது புலனாகும். திரைப்படம் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து நிலைப்படுத்துகிறது. மொழிபெயர்ப்பாளர் தம்முன் உள்ள பனுவல் இலத்தீன் மூலமா, படத்தின் உரையாடலா என்பதை முதலில் தெளிந்து, அதன் காலத்துப் பொருளையே தமிழில் தருதல் வேண்டும்.