யாழ்ப்பாணத்தில் மகப்பேற்று வைத்தியமும் மகளிர் உடல்வலிமையும்

அமெரிக்க மிஷனைச் சார்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயை நிலையமாகக் கொண்டு மேலைநாட்டு வைத்தியத்தை முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் கற்பித்தார். தமிழிற் கற்றோர் தம் கிராமங்களிலேயே தங்கித் தொண்டாற்றுவர் என்பது அவரது எண்ணம். அவரும் மாணாக்கரும் தமிழாக்கிய நூல்களுள் மௌன்செலின் மகப்பேற்று நூல் 1857இலும், கிரேயின் உடலமைப்பு நூல் 1872இலும் வெளிவந்தன.

ஆயினும் இவை வைத்தியனுக்கென எழுந்த நூல்கள். தாயும் சேயும் உயிர்பிழைத்தலே அன்றைய முதற்கவலை; அதனைக் குறைகூறல் தகாது. மகளிர்க்கென இணுவிலில் மக்லவுட் ஆஸ்பத்திரி 1898இல் அமைந்தது.

பிரசவத்தின் பின் பெண் எவ்வாறு வலிமை மீள்வது என்பது வேறொரு வினா. யாழ்ப்பாணத்து வழக்கிலே முப்பத்தோராம் நாளில் துடக்குக் கழிப்பர். அதுவரை ஓய்வு உண்டு. அதன்பின் பழைய வாழ்விற் காத்திருந்தவை கிணறும் உரலுமே. ஓய்வுக்கும் உலக்கைக்கும் இடையே படிகள் இருக்கவில்லை. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து ஏந்துவன இடுப்பறைத் தளத் தசைகள். மகப்பேற்றிலே இவை பெரிதும் இழுபடுகின்றன. மூச்சை அடக்கிப் பாரந்தூக்குங்கால் வயிற்றினுள் எழும் அமுக்கம் இவற்றின்மேலேயே இறங்கும். சிறுநீர்க் கசிவும் கருப்பை இறக்கமும் இத்தளர்ச்சியோடு தொடர்புடையன. நாணத்தால் இவற்றை மறைத்தே வாழ்ந்த தாய்மார் எத்தனை பேரோ!

இத்தசைகளையும் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என அமெரிக்க மகளிர்நோய் மருத்துவர் ஆர்னல்ட் கேகல் 1948இல் எழுதினார். சுருக்கத்தின் வலுவைப் பெண் தானே கண்டறிய அமுக்கமானி ஒன்றையும் அவர் அமைத்தார். இதற்குச் சற்று முன்னர், 1945இல், காயமுற்ற போர்வீரரின் தசைகளைப் படிப்படியாகச் சுமையேற்றி மீட்கும் முறையை டிலோர்ம் வெளியிட்டிருந்தார். இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. படிப்படியான ஏற்றமே, யாழ்ப்பாணத்துத் தாய்க்கு அந்த முப்பத்தோராம் நாளின் பின் கிட்டாதது.

இத்தளர்ச்சியுடையோர் எப்பாரமும் தூக்கலாகாது என்ற பழைய விலக்கு இன்று தளர்ந்துள்ளது. நீர்வாளியாயினும் பயிற்சிக்கூடத்து இரும்பாயினும் தூக்குமுன் இடுப்பறைத் தளத்தை உள்நோக்கி மேலே சுருக்குதலும், தூக்கும்போது மூச்சை வெளிவிடுதலும் இன்று கற்பிக்கப்படுகின்றன. தூக்கி முடிந்ததும் தசையை முற்றாகத் தளர்த்துதலும் அதேயளவு வேண்டும். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். கசிவோ, கீழே ஏதோ இறங்குவதுபோன்ற பாரமோ தோன்றின், சுமையைக் குறைத்து இயன்மருத்துவரை நாடவேண்டும். தொடக்கத்தில் அரைவாளி நீரே போதும்.