கட்டிய குடலும் வடித்த நீரும்: சம்புநாத் தேயின் காலரா ஆய்வு

காலராவுக்குத் தமிழில் நெடுநாள் வழங்கிய பெயர் வாந்திபேதி. வங்காளிகள் அதனை ‘ஓலாஓட்டா’ என்றனர். ‘ஓலா’ கீழிறங்குவதைக் குறிக்கும். ‘ஓட்டா’ மேலெழும்புவதைக் குறிக்கும். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இரு மொழிகள் ஒரு நோய்க்கு ஒரே முறையில் பெயரிட்டிருக்கின்றன. 1817இல் வங்கத்தின் ஜெசூர்ப் பகுதியில் மூண்ட கொள்ளைநோய், அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தை எட்டியது. இரு நிலத்து மக்களும் கண்ட காட்சி ஒன்றே: சில மணி நேரத்தில் உடலின் நீரெல்லாம் குடல்வழியே வெளியேற, மனிதர் வற்றி மடிந்தனர். வங்கத்தில் முஸ்லிம்கள் ஓலா பீபி என்றும் இந்துக்கள் ஓலாய் சண்டி என்றும் வழிபட்ட தெய்வத்தின் பெயரிலும் இச்சொல்லே நிற்கிறது.

மக்கள் இட்ட பெயர் அறிவியலை முந்திவிட்டது என்று நான் வாதிடவில்லை. ஆனால் அப்பெயர் நோயின் இடத்தைச் சுட்டியது. ஆய்வுலகமோ ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் காலராவின் நச்சைப் பெரும்பாலும் அந்த இடத்திற்கு வெளியே தேடியது. ஏன் அப்படி நேர்ந்தது, அதனை ஒரு கொல்கத்தா நோயியலாளர் எவ்வாறு மாற்றினார் என்பதே இப்பதிவின் பொருள்.

ராபர்ட் கோக் எகிப்திலிருந்து கொல்கத்தாவுக்கு வந்து, 1884இன் தொடக்கத்தில் காற்புள்ளி போல் வளைந்த நுண்ணுயிரியே காலராவுக்குக் காரணம் என்று அறிவித்தார். இத்தாலியரான ஃபிலிப்போ பாச்சினி 1854இலேயே அதனைக் கண்டிருந்தார் என்பது தனிக்கதை. நுண்ணுயிரி ஏதோவொரு நஞ்சைச் சுரந்து நோயை உண்டாக்குகிறது என்று கோக் கருதினார். ஆயினும் அந்த நஞ்சை எவராலும் பிரித்துக் காட்ட இயலவில்லை.

கோக்கின் உடனுழைத்தவரான ரிச்சர்ட் ஃபைஃபர், கொல்லப்பட்ட நுண்ணுயிரிகளைச் சீமைப்பெருச்சாளியின் வயிற்றறைக்குள் செலுத்தினார். விலங்குகள் மடிந்தன. நஞ்சு நுண்ணுயிரியின் உடலுக்குள்ளேயே பொதிந்துள்ளது, அது சிதையும்போதுதான் வெளிப்படுகிறது என்னும் முடிவுக்கு அவர் வந்தார். அகநச்சு என்னும் கருத்தாக்கம் இவ்வாறு காலரா ஆய்விலேயே பிறந்தது. பிற்கால மருத்துவத்திற்கு அது மிகவும் பயன்பட்டது. காலராவுக்கு மட்டும் பொருந்தவில்லை. அவ்விலங்குகள் செத்தனவே தவிர, அவற்றுக்குப் பேதி உண்டாகவில்லை. எனினும் ஒரு கலைச்சொல் நிலைபெற்றுவிட்டால், அது விடையைத் தருவதோடு அடுத்த கேள்வி எங்கே எழ வேண்டும் என்பதையும் வரையறுத்துவிடுகிறது. ஆய்வாளர்கள் இரத்தக்குழாயிலும் வயிற்றறையிலும் நஞ்சைச் செலுத்திச் சோதித்தவண்ணம் இருந்தனர். 1915இல் வியோல், கிரெந்திரோபுலோ ஆகிய இருவர் குடலுக்குள்ளேயே செய்த சோதனை கவனிப்பாரற்றுப் போயிற்று.

சம்புநாத் தே 1915இல் ஹூக்ளி மாவட்டத்தின் கரிபாட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்றார். 1947இல் இலண்டன் சென்று நோயியலறிஞர் ராய் காமரனிடம் ஆய்வு செய்து, 1949இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே காமரனோடு இணைந்து அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று நுரையீரல் நீர்க்கோப்பு. நீர் தனக்குரிய இடத்தை விட்டு ஏன் வெளியேறுகிறது என்பதே அந்த ஆய்வின் அடிப்படைக் கேள்வி. ஊர் திரும்பி நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் நோயியல் துறையில் பணியேற்றபோது, அதே கேள்வி காலரா நோயாளிகளின் உருவில் அவர்முன் வந்து நின்றது.

1953இல் அவரும் சட்டர்ஜியும் வெளியிட்ட சோதனை மிக எளியது. முயலை மயக்கி வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு துண்டை இரு முனையிலும் நூலால் கட்டினர். இரத்த ஓட்டம் தடைபடவில்லை. குடல் உடலுக்குள்ளேயே இருந்தது. கட்டிய பகுதிக்குள் காலரா நுண்ணுயிரியைச் செலுத்தி வயிற்றைத் தைத்தனர். மறுநாள் திறந்து பார்த்தபோது, அக்குடல் வளையம் காலரா நோயாளியின் கழிவை ஒத்த, அரிசி கழுவிய நீர் போன்ற திரவத்தால் புடைத்திருந்தது. நுண்ணுயிரி செலுத்தப்படாத வளையங்கள் சுருங்கியே கிடந்தன. முழு விலங்குக்கும் நோயை வரவழைக்க முயன்றவர்கள் தோற்ற இடத்தில், குடலின் ஒரு துண்டே போதுமானதாயிற்று. 1956இல் இதே முறையால், பேதியுற்றவர்களிடமிருந்து எடுத்த சில கோலை நுண்ணுயிரி வகைகளும் குடலில் நீரைச் சுரக்கச் செய்வதை அவர் குழு காட்டியது.

எஞ்சிய கேள்வி ஒன்றே: நீரை வரவழைப்பது உயிருள்ள நுண்ணுயிரியா, அது வெளியே விட்ட பொருளா? சம்புநாத் நுண்ணுயிரிகளை வளர்த்த ஊடகத்தை வடிகட்டினார். ஒரு நுண்ணுயிரிகூட இல்லாத அந்த வடிநீரைக் குடல் வளையத்துள் செலுத்தினார். வளையம் புடைத்தது. ஆக, நஞ்சு வெளியே சுரக்கப்படுவது; அது புறநச்சு. 1959 மே 30ஆம் நாளிட்ட ‘நேச்சர்’ இதழில் இரண்டே பக்கங்களில் இம்முடிவு வெளியாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தில் என். கே. தத்தாவும் உடனுழைத்தவர்களும் முயற்குட்டிகளைக் கொண்டு, தனித்து, இதற்கு நெருங்கிய முடிவை அடைந்திருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்த படி அந்த நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுப்பது. அதற்கு வேண்டிய கருவி வசதி அவருக்கு வாய்க்கவில்லை. 1969இல் அமெரிக்காவில் ஃபிங்கல்ஸ்டைனும் லோஸ்பலுட்டோவும் அதனைச் செய்தனர். நச்சுப்புரதம் குடற்செல்லில் ஒட்டி, உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்னும் மூலக்கூறின் அளவை உயர்த்துகிறது. குளோரைடு அயனிகள் குடலுக்குள் வெளியேற, நீர் பின்தொடர்கிறது. இச்சித்திரம் பின்னர்த் தெளிவாயிற்று. குடல் சிதைந்து நீர் கசியவில்லை. நலமான குடல் தவறான கட்டளைக்குப் பணிந்து நீரைச் சுரக்கிறது. குளுக்கோசும் சோடியமும் இணைந்து உட்கொள்ளப்படும் வழியோ அந்நிலையிலும் அடைபடுவதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த போன்காவில் திலீப் மஹலநாபிஸ் உப்பு–சர்க்கரைக் கரைசலைப் புகட்டி இறப்பு விகிதத்தைச் சுமார் 30 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டிற்கும் கீழே கொணர முடிந்ததன் உடலியல் அடிப்படை இதுவே. அக்கரைசல் சம்புநாத்தின் ஆய்விலிருந்து நேரே பிறந்ததன்று. குளுக்கோசு பற்றிய ஆய்வுகளுக்குத் தனி வரலாறு உண்டு. ஆனால் அது ஏன் பலிக்கிறது என்பதை விளக்க அவருடைய குடல் வளையம் தேவைப்படுகிறது.

சம்புநாத் 1973இல் ஓய்வுபெற்றார். 1978இல் ஸ்டாக்ஹோமில் காலரா பற்றி நடந்த நோபல் கருத்தரங்கிற்கு அழைக்கப்பட்டபோது, அறுபதுகளின் தொடக்கத்திலேயே தாம் இறந்துவிட்டதாகவும், கருத்தரங்கக் குழு தம்மைத் தோண்டியெடுத்திருப்பதாகவும் சொன்னார். நோபல் அறிஞர் ஜோஷுவா லெடர்பர்க் அவர் பெயரை நோபல் பரிசுக்கு முன்மொழிந்திருந்தார். இந்திய அறிவியல் கழகங்கள் எவையும் அவருடைய வாழ்நாளில் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1985இல் மறைந்தார். ‘கரன்ட் சயின்ஸ்’ இதழ் அவருக்கெனச் சிறப்பிதழ் வெளியிட்டது 1990இல்.

இந்த வரலாற்றைப் புறக்கணிப்பின் கதையாக மட்டும் சொல்வது எளிது. அப்படிச் சொன்னால் அவர் செய்தது மறைந்துவிடும். அவரிடம் இருந்தவை முயல், நூல், வடிகட்டி. இவை அந்நாளில் பல ஆய்வகங்களிலும் இருந்தன. நிலைபெற்ற சொல் சுட்டிய திசையை விடுத்து, நோய் நிகழும் இடத்திலேயே சோதனையை வைத்தது மட்டுமே அவருக்கு உரியது. நம் துறைகளில் நாம் கேள்வி கேளாமல் கையாளும் கலைச்சொற்களுள் எவை ‘அகநச்சு’ போன்று நம் பார்வையைத் திருப்பி வைத்திருக்கின்றன என்பதை, ஆய்வேட்டின் முதல் இயலை எழுதும்போதே ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.