மெஹபூப்: மட்டாஞ்சேரிக் குரலும் அதன் இசைத்தட்டுகளும்

மெஹபூப், எச். (1926 – 22 ஏப்ரல் 1981): மலையாளத் திரைப் பின்னணிப் பாடகர். கொச்சியின் மேடைகளிலும் கல்யாண வீடுகளிலும் விடியவிடியப் பாடியவர். ஊரார் வாயில் அவர் எப்போதும் 'மெஹபூப் பாய்'. ஃபோர்ட் கொச்சியில், தக்னி உருது பேசும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதில் பிரிட்டிஷ் பட்டாள முகாம்களில் சிப்பாய்களின் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டபடி பாடித் திரிந்தார். பாட்டு வாத்தியார் யாரிடமும் முறையாகக் கற்றவரல்லர். அவருடைய பாட்டில் ஒரு பகுதிதான் இசைத்தட்டில் ஏறியது. அந்தத் தட்டுகளும் இன்று அரிய பொருள்களாகிவிட்டன.

அவர் பாடித் திரிந்த ஊரைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் குரலைப் புரிந்துகொள்ள முடியாது. மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பவை. மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகள், யூதத் தெரு, குஜராத்திகள், கொங்கணிகள், கச்சி மேமன்கள், ஆங்கிலோ இந்தியர்கள் எனக் கூப்பிடு தூரத்துக்குள் பல மொழிகள். ஃபோர்ட் கொச்சியின் 'வெளி' என்னும் இடத்தில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் பாட்டுக்கு ஒரே மொழி இருக்க முடியாது. இந்தித் திரைப் பாடகர்களான சைகலையும் பங்கஜ் மல்லிக்கையும் தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஊர் இது. ஆர்மோனியமும் தபலாவும் நடுவில் இருக்க, சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால் அதுவே மெஹ்ஃபில். இதே வழக்கம் கோழிக்கோட்டில் இசையமைப்பாளர் எம்.எஸ். பாபுராஜையும், 'கேரள சைகல்' எனப்பட்ட கோழிக்கோடு அப்துல் காதரையும் வளர்த்தது. கொச்சியில் மெஹபூபை வளர்த்தது.

திரையில் அவர் குரல் முதலில் ஒலித்தது 1951இல் வந்த 'ஜீவித நௌகா' படத்தில். இயக்குநர் கே. வேம்பு, இசை வி. தட்சிணாமூர்த்தி. இந்தியில் பெயர்பெற்ற மெட்டுகளில் மலையாள வரிகளை உட்கார வைப்பது அந்நாளைய வழக்கம். முகமது ரஃபி பாடிய ஒரு சோகப் பாட்டின் மெட்டை மெஹபூப் மலையாளத்தில் பாடினார். ரஃபியை உருகி உருகிக் கேட்ட ஊர்க்காரருக்கு அது பொருத்தமான தொடக்கம். ஆயினும் படவுலகம் அவரிடம் அந்தச் சோகத்தை அதிகம் கேட்கவில்லை.

திருப்பம் 1954இல் வந்தது. கொச்சியைச் சேர்ந்த டி.கே. பரீக்குட்டி தயாரிக்க, பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் இயக்கிய 'நீலக்குயில்', குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. இசையமைத்த கே. ராகவன் இந்தி மெட்டுகளை ஒதுக்கிவிட்டு மலபாரின் நாட்டுப்புற மெட்டுகளைக் கையில் எடுத்தார். காதலியை எப்படியெல்லாம் அழைக்க மாட்டேன் என்று அடுக்கிச் சொல்லும் பாட்டு மெஹபூபுக்கு வந்தது. கொஞ்சம் மூக்கில் ஒலிக்கும், கொஞ்சம் சிரிப்பை ஒளித்துவைத்த அந்தக் குரல் மலையாளிகளின் காதில் அன்று ஒட்டிக்கொண்டது. 1958இல் 'நாயர் பிடிச்ச புலிவால்' படத்தில், காத்துவைத்த கஸ்தூரி மாம்பழத்தைக் காக்கை கொத்திப்போன கதையைப் பாடினார். 1961இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் எடுத்த 'கண்டம் பெச்ச கோட்டு' மலையாளத்தின் முதல் வண்ணப்படம். முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938) எடுத்ததும் இதே சேலத்து நிறுவனம்தான். ஒட்டுப்போட்ட கோட்டைப் பற்றிய பாட்டுக்குப் பாபுராஜ் இசையமைத்தார், மெஹபூப் பாடினார். நகைச்சுவைப் பாடகர் என்ற முத்திரை அத்துடன் உறுதியாகிவிட்டது. இந்த முத்திரை அவருக்குச் செய்த அநியாயம் பெரிது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். அழவைக்கத் தெரிந்த குரலைச் சிரிக்கவைக்க மட்டுமே கூப்பிட்டார்கள்.

அக்காலத் திரைப்பாடல்கள் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகளில் வந்தன. பத்து அங்குல அகலம். பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்றேகால் நிமிடம். பாட்டு எவ்வளவு நீளமானாலும் அந்த அளவுக்குள் அடங்கியாக வேண்டும். மெஹ்ஃபிலில் ஓர் அடியை நாலு விதமாகத் திருப்பித் திருப்பிப் பாடும் பழக்கமுள்ளவருக்கு இது சின்னக் கூண்டு. தட்டின் மூலப்பொருள் அரக்கு. உலகச் சந்தைக்கு அதைப் பெருமளவில் அனுப்பியது இந்தியாதான். அரக்குடன் கற்பொடியும் கரியும் கலந்து அழுத்திய தட்டு கனமானது, கை தவறினால் நொறுங்கிவிடும். எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். மழுங்கிய ஊசியை மறுபடி வைத்தால் அது வரிப்பள்ளத்தை அறுக்கும். மக்களுக்கு மிகப் பிடித்த பாட்டே முதலில் கரகரத்துப் போனது இதனால்தான். நல்ல நிலையில் கிடைக்கும் தட்டு பெரும்பாலும் யாரும் அதிகம் கேட்காத தட்டாக இருக்கும். போதாக்குறைக்குக் கொச்சியின் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை! மாதக்கணக்கில் ஈரம் ஊறும் காற்றில் உறைகள் ஒட்டிக்கொள்ளும், தட்டின் மேல் பூஞ்சை படரும். பிறகு 45 சுழற்சிச் சின்னத் தட்டுகளும் ஒலிநாடாவும் வந்தபோது, பழைய கனத்த தட்டுகள் பரணுக்கும் காயலான் கடைக்கும் போயின.

ஓர் ஒப்பீடு இங்கே உதவும். 1960களின் ஆஸ்திரேலியாவில் அதிகம் அறியப்படாத ராக் குழுக்கள்கூடச் சிட்னி, மெல்போர்ன் நகரங்களின் சிறு நிறுவனங்கள் வழியாகச் சொந்தப் பாட்டை 45 சுழற்சித் தட்டாக வெளியிட முடிந்தது. குறைந்த படிகளே அச்சானதால் அவற்றைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடி அலைகிறார்கள். மட்டாஞ்சேரிப் பாடகருக்கு அந்த வாசல் எளிதில் திறக்கவில்லை. தட்டுகளை அச்சிடும் பெரிய ஆலை கல்கத்தா டம்டமில். மலையாளப் பாட்டுப் பதிவோ பெரும்பாலும் சென்னையில். கொச்சியிலிருந்து ரயிலேறி வந்து, படத்துக்காகப் பாடினால்தான் தட்டு. கேரளத்திலேயே திரைப்பாடல் பதிவுக்கெனப் பாடகர் யேசுதாஸ் தரங்கிணி ஒலிப்பதிவுக்கூடத்தைத் தொடங்கியது 1980இல். அடுத்த ஆண்டு மெஹபூப் காலமானார்.

ஆகவே கொச்சிக்காரர்கள் நெஞ்சில் வைத்திருந்த பாட்டுகளில் பல, தட்டுக்கு வெளியே வாழ்ந்தவை. நெல்சன் ஃபெர்னாண்டஸ் எழுதி, மேப்பள்ளி பாலன் மெட்டமைத்த பாட்டுகள் இவற்றில் முக்கியமானவை. காயலும் தோணியும் பிரிவும் நிறைந்தவை. எந்தப் படத்துக்காகவும் பிறக்காதவை. மெஹபூப் அவற்றைப் பாடப் பாட, கேட்டவர்கள் மனப்பாடம் செய்து அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் பாடினார்கள். சிரிப்புப் பாட்டுக்காரராகப் படவுலகம் அறிந்தவரின் சோகம் முழுவதும் இங்கே இருந்தது. அவருக்கென வீடோ குடும்பமோ அமையவில்லை. நண்பர்களின் வீடுகளில் தங்கினார், கூப்பிட்ட இடத்தில் பாடினார்.

அதே தெருக்களிலிருந்து வேறு சிலரும் புறப்பட்டார்கள். மேடைப் பாடகரும் நடிகருமான அகஸ்டின் ஜோசப்பின் மகன் கே.ஜே. யேசுதாஸ், 1940இல் ஃபோர்ட் கொச்சியில் பிறந்தார். 1961 நவம்பர் 14 அன்று சென்னை பரணி ஸ்டுடியோவில் 'கால்பாடுகள்' படத்துக்காக முதல் பாட்டைப் பாடினார். எம்.கே. அர்ஜுனன் (1936–2020) வறுமையால் பழனியிலுள்ள ஆசிரமத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே இசை கற்று, ஊர் திரும்பி 'கறுத்த பௌர்ணமி' (1968) வழியாக இசையமைப்பாளரானார். நாடக மேடைப் பாட்டொன்றால் பெயரோடு 'சீரோ' ஒட்டிக்கொண்ட பாடகர் சீரோ பாபுவும் இவ்வூர்க்காரர். யேசுதாஸின் தெளிந்த, செவ்வியல் பயிற்சி பெற்ற குரலே மலையாளப் பாட்டின் அளவுகோலாக மாறியபோது, மெஹபூபின் பேச்சுவழக்குக் குரலுக்கான இடம் சுருங்கியது.

ஃபோர்ட் கொச்சியில் மெஹபூப் நினைவு இசைக்குழு அவருடைய பாட்டுகளைப் பாடிவருகிறது. இவ்வட்டாரத்தைக் களமாகக் கொண்டு ராஜீவ் ரவி இயக்கிய 'அன்னயும் ரசூலும்' (2013) படம் மெஹபூப் பாடிய பழைய பாட்டுகளை ஷஹபாஸ் அமன் குரலில் மீண்டும் ஒலிக்கச் செய்தது. அப்படத்தின் இசையமைப்பாளர் கே, 'யுத்தம் செய்' படத்தால் தமிழர்களுக்கு அறிமுகமானவர். மூலத் தட்டுகள் அரிதாகிவிட்டதால், பரணிலிருந்து பழைய மலையாளத் தட்டு ஏதும் கிடைத்தால், நடுவிலுள்ள காகித வட்டத்தில் பாடகர் பெயரையும், அதை அடுத்த வழவழப்பான வளையத்தில் பொறித்த எண்ணையும் குறித்துக்கொள்வது நல்லது. தட்டுகளை உறையிலிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்திவைக்க வேண்டும். அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த திரவத்தால் துடைக்கவே கூடாது; அது அரக்கைக் கரைத்துவிடும்.